நான்கு பை உரம், இருபத்தேழு தொட்டிகள், ஓராண்டு: மாதவரத்து நர்சரியின் போன்சாய் உரத் தொகுப்பு

மூலக்கடையைத் தாண்டி மாதவரம் போகும் வழியில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கும் நர்சரியில், 2024 பொங்கல் முடிந்த வாரத்தில், போன்சாய்க்கான, அதாவது தொட்டியில் குறுக்கி வளர்க்கும் மரங்களுக்கான இந்த உரத் தொகுப்பை வாங்கினேன். நான்கு பிளாஸ்டிக் பைகள், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த குறிப்புத் தாள் ஒன்று, எல்லாம் சேர்த்து 480 ரூபாய். பைகளின் மேல் கம்பெனிப் பெயரோ முத்திரையோ கிடையாது. கடைக்காரரே கலந்து கட்டி, ‘இளவேனில்’, ‘கோடை’, ‘மழை’, ‘பனி’ என்று துண்டுக் காகிதத்தில் எழுதி செலோடேப்பால் ஒட்டியிருக்கிறார். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. அவர் வயதானவர், இந்தக் கடையை நம்பித்தான் அவர் பிழைப்பு நடக்கிறது. போன்சாய் வளர்க்கும் வடசென்னைக்காரர்களுக்கு எந்தக் கடை என்று இந்நேரம் புரிந்திருக்கும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மூன்றாவது மாடிக்கு மேலே உள்ள மொட்டைமாடியில் 27 தொட்டிகள் வைத்திருக்கிறேன். கல் இச்சி 9, காகிதப்பூ 5, புளி 4, அடீனியம் (பாலைவன ரோஜா) 4, அரசு 3, ஆல் 2. இவற்றில் மூத்தது, எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது அதன் சன்ஷேடு விரிசலிலிருந்து பிடுங்கி வந்த கல் இச்சி. பதினான்கு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. சுவர் விரிசலில் ஒரு பிடி மண்கூட இல்லாமல் வளர்ந்த மரத்துக்கு உரம் எதற்கு என்று வீட்டில் பல முறை கேட்டாகிவிட்டது. சுவரில் நிற்கும் இச்சி தன் வேரைச் செங்கல் சந்துகளின் வழியாக எவ்வளவு தூரத்துக்கும் அனுப்பிக்கொள்ளும். மூன்று விரல் ஆழமுள்ள தட்டைத் தொட்டியில் நிற்கும் இச்சிக்கு அந்த வசதி இல்லை. அதிலும் செங்கல் ஜல்லியும் மணலும் கலந்த, தண்ணீர் நில்லாமல் ஓடும் கலவையில் தினமும் நீர் ஊற்றும்போது, கரையக்கூடிய சத்தெல்லாம் அடித்துளை வழியாகப் போய்விடுகிறது. ஆகவே கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டு தயாரிக்கப்பட்ட உரமா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருந்தது.

‘இளவேனில்’ பைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். கடலைப் பிண்ணாக்கு இரண்டு பங்கு, வேப்பம் பிண்ணாக்கு ஒரு பங்கு, எலும்புத்தூள் ஒரு பங்கு என்று பிசைந்து, கோலிக்குண்டு அளவில் உருட்டி, நிழலில் காயவைத்த உருண்டைகள் அதில் இருந்தன. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். ஓரம் வெளிறி, நடுவில் கருத்து, வெல்லம் சேர்க்காத பொரிவிளங்காய் உருண்டை போல இறுகியிருந்தது. முகர்ந்தபோது வேம்பின் கசப்பு முன்னாலும் கடலையின் எண்ணெய் வாசம் பின்னாலும் வந்தன. இவ்வளவு இறுக்கமாக இருப்பதுதான் இதன் சிறப்பு. ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் மேற்பரப்பு மட்டும் கரைகிறது; மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்த பிறகே வேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைக்கிறது. ஒரு சாண் அகலத் தொட்டிக்கு ஓரத்தில் நான்கு உருண்டைகள் வைத்தால் ஆறு வாரம் வரும் என்று தாளில் எழுதியிருந்தது. எனக்கும் ஏறக்குறைய அவ்வளவு நாள் வந்தது.

ஆனால் காக்கைகளைப் பற்றித் தாள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முதல் நாள் காலை ஆறு மணிக்கு வைத்த உருண்டைகளில் எட்டு மணிக்குப் பாதி இல்லை. மீதியை அன்று இரவு எலி இழுத்துப் போனது, போகிற போக்கில் ஆலின் மேல்வேரையும் கறண்டி வைத்துவிட்டது. பாத்திரக்கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் டீ வடிகட்டிகளை இரண்டு டஜன் வாங்கிக் கைப்பிடியை வெட்டி எறிந்துவிட்டு, உருண்டையின் மேல் கவிழ்த்து, கம்பியை வளைத்து மண்ணில் குத்தி வைத்த பிறகுதான் தொல்லை தீர்ந்தது. அதில் வேறொரு நன்மையும் உண்டு. உருண்டை கரைந்து சேறாகும்போது, அந்தச் சேறு தொட்டி முழுவதும் பரவாமல் பெரும்பாலும் வடிகட்டிக்கு அடியிலேயே தங்கிவிடும். காலம் முடிந்ததும் அப்படியே எடுத்துப் போடலாம். கடைக்காரர் நான்கு வடிகட்டிகளையும் தொகுப்பில் சேர்த்து விலையை நாற்பது ரூபாய் ஏற்றினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

‘கோடை’ பையில் இருந்தது 19:19:19, அதாவது தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் மூன்றும் சரிசமமாக உள்ள, நீரில் முழுவதும் கரையும் தூள். இது எங்கும் கிடைக்கும் சரக்குதான். மணலியில், என் மொட்டைமாடியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில், 1966-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் ‘விஜய்’ என்ற பெயரில் 17:17:17 குருணை உரமே தயாரித்து வந்திருக்கிறது. ஆனால் வயலுக்கான உரம் மூட்டையாக வரும், எனக்கு ஆண்டுக்குத் தேவைப்படுவது கால் கிலோ. கால் கிலோவாகப் பிரித்து, ஈரம் புகாமல் இரட்டைப் பையில் கட்டி 80 ரூபாய்க்குத் தருவதே இந்தக் கடையின் சேவை என்று சொல்ல வேண்டும். குருணை உரம் தொட்டிக்கு ஆகாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த டிஏபி என்ற வயல் உரத்தில் ஏழெட்டுக் குருணைகளை ஓர் அடீனியத்தின் அடியில் புதைத்து வைத்தேன். பத்தாம் நாள் அதன் பருத்த அடித்தண்டை விரலால் அழுத்தியபோது வெந்த சேனைக்கிழங்கு போல விரல் உள்ளே போனது.

பையில் குறையில்லை, அதோடு வந்த அறிவுரையில்தான் குறை. மே முதல் ஜூலை வரை வாரம் ஒரு முறை, லிட்டருக்கு இரண்டு கிராம் என்று தாளில் இருந்தது. கத்தரி வெயில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. முதல் வாரமும் இரண்டாம் வாரமும் அப்படியே ஊற்றினேன். மூன்றாம் வாரத்தில் புளியின் சிற்றிலைகள் நுனியிலிருந்து பழுப்பேறி உதிரத் தொடங்கின. இச்சியின் புதுத் தளிர்கள் ஓரம் கருகி, தீயில் வாட்டிய வாழையிலை போலச் சுருண்டன. வெயிலில் மொட்டைமாடித் தரை கால் வைக்க முடியாமல் கொதிக்கிறது, தட்டைத் தொட்டியின் மண்ணும் கூடவே கொதிக்கிறது, வேர் அந்தச் சூட்டில் வேலை செய்வதையே நிறுத்திவிடுகிறது. ஊற்றிய நீர் மாலைக்குள் ஆவியாகிவிட, அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் மண்ணில் தங்கிச் செறிவு கூடிக்கொண்டே போகிறது. ஊறுகாய்ப் பானையில் மாங்காயின் நீரை உப்பு வெளியே இழுப்பது போல, வேரிலிருந்து நீரை இந்த உப்பு இழுத்துவிடுகிறது. உடனே உரத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தொட்டிக்கும் மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டு அடித்துளை வழியாக வழியவிட்டேன். இரண்டு புளிகள் தப்பின, ஒன்று ஒரு கிளையை இழந்தது, நான்காவது போய்விட்டது.

தண்ணீரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் உரத்தைவிடத் தண்ணீரே முதல் உரம், முதல் நஞ்சும் அதுவே. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் உட்புகுந்திருப்பது 1960-களின் இறுதியிலிருந்தே அறியப்பட்ட செய்தி. கடலோரமாக உள்ள எங்கள் தெருக்களிலும் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். தொட்டியின் விளிம்பில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைப் படலம் ஏறியிருந்தால், அந்த மண் ஏற்கெனவே உப்பால் நிறைந்திருக்கிறது என்று பொருள்; அதன் மேல் லிட்டருக்கு இரண்டு கிராம் உரம் என்பது எரிகிற அடுப்பில் எண்ணெய். இந்தக் கடின நீரால் மண் காரத்தன்மை அடையும்போது இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போகிறது. புதுத் தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புக் குறை. அடியிலைகள் முழுவதும் மஞ்சளடித்தால் அது தழைச்சத்துக் குறை. இரண்டையும் குழப்பிக்கொண்டு முன்னதற்கும் 19:19:19 ஊற்றுபவர்கள் நிறையப் பேர். நான் இப்போது உரம் கரைக்க மெட்ரோ தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ மட்டுமே பயன்படுத்துகிறேன். இந்தத் தாளில் தண்ணீர் என்ற சொல் ‘ஒரு லிட்டர் தண்ணீரில்’ என்ற இடத்தைத் தவிர வேறெங்கும் இல்லை.

‘மழை’ பை வீண். 160 ரூபாய், தொகுப்பில் இதற்குத்தான் விலை அதிகம். உள்ளே பெரும்பகுதி எலும்புத்தூளும், கொஞ்சம் சாம்பலும் இருந்தன. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மாதம் ஒரு கைப்பிடி என்று தாள் சொன்னது. எலும்புத்தூளில் உள்ள மணிச்சத்து புளிப்புத்தன்மையுள்ள மண்ணில்தான் மெல்ல வெளிவரும். எங்கள் தொட்டிகளைப் போலக் காரமேறிய மண்ணில் அது பெரும்பாலும் அப்படியே கிடக்கும். உண்மையில் கிடந்தது. மறு தையில் மண் மாற்றுவதற்காக இச்சியைத் தொட்டியிலிருந்து எடுத்தபோது, வேர்களுக்கு நடுவே வெள்ளைத் துகள்கள் போட்டது போட்டபடி இருந்தன. அவை எலிக்கு மட்டும் பயன்பட்டன.

தாளின் கால அட்டவணையை மீண்டும் ஒரு முறை நிதானமாகப் படித்தபோதுதான் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புரிந்தது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தழைச்சத்தைக் குறை. நவம்பர் முதல் ஜனவரி வரை மரம் உறங்கும், உரம் வேண்டாம். பிப்ரவரியில் மீண்டும் தொடங்கு. இது சென்னையின் பருவமே இல்லை. ஜப்பானில், ஓமியா போன்சாய் கிராமம் இருக்கும் சைதாமா போன்ற இடங்களில், ஜனவரிக் காலைகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும். அங்கே இலையுதிர் காலத்தில் தழைச்சத்தைக் குறைத்துக் கொடுப்பது, தளிர் விடாமல் மரத்தை முற்றவைத்துக் குளிருக்குத் தயார் செய்வதற்காக. குளிரில் இலை உதிர்த்துவிட்ட மரத்துக்கு உரம் போட்டால் எடுத்துக்கொள்ள ஆள் இல்லை, ஆகவே நிறுத்துகிறார்கள். யாரோ அந்த அட்டவணையை எடுத்து, இலையுதிர் காலத்தை அடித்துவிட்டு ‘மழை’ என்று எழுதியிருக்கிறார்கள். சென்னையில் ஜனவரி இரவு பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். இச்சியும் ஆலும் அந்தக் குளிரில் சற்று நிதானிக்குமே தவிர உறங்காது.

இந்த ஊரில் பருவத்தைத் தீர்மானிப்பது குளிர் அல்ல, வடகிழக்குப் பருவமழை. ஆண்டு முழுவதும் பெய்வதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின் மழையில் என் தொட்டிகள் காலை முதல் இரவு வரை நீர் வழிந்துகொண்டே இருந்தன. அதற்கு முன்பும் பின்புமாகப் பெய்த மழையெல்லாம் சேர்ந்து மண்ணில் இருந்த தழைச்சத்தைச் சுத்தமாகக் கழுவிவிட்டது. அந்த நேரத்தில் ‘மரம் உறங்கும்’ என்று தாள் சொன்னதை நம்பி, மார்கழி முழுவதும் ஒன்றும் கொடுக்காமல் இருந்தேன். பொங்கலுக்குக் கோலம் போட்டு முடித்துவிட்டு மாடிக்குப் போனபோது, ஒன்பது இச்சிகளில் ஏழின் அடியிலைகள் எலுமிச்சை நிறத்தில் இருந்தன. அவை உறங்கவில்லை, பட்டினி கிடந்திருக்கின்றன.

அந்த வாரமே தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பெரியவர் மூங்கில் முக்காலியில் உட்கார்ந்து ரோஜாப் பதியன்களுக்குக் கவர் மாற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “டீச்சரம்மா, அது பழைய புக்குல இருந்து நம்ம பையன் அடிச்சுக் குடுத்தது. நான் என் மரத்துக்கு அப்படிச் செய்யறதில்லை” என்றார். பிறகு ஏன் ஐயா வாங்குபவர்களுக்கு அதைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “கேட்டா சொல்லுவேன். யாரும் கேக்கறதில்லையே” என்று சிரித்தார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஒரு புளி போயிருக்கிறது. ஆனால் அவர் தாளைத் திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில், தமிழ் மாதக் கணக்கில் தன் வழக்கத்தை எழுதிக் கொடுத்தார். தொகுப்பிலேயே அதிக மதிப்புள்ளது அந்தப் பின்பக்கம்தான் என்று சொல்வேன், அதற்குக் காசும் வாங்கவில்லை.

அதன்படியும் என் அனுபவத்தின்படியும் இப்போது நான் செய்வது இது. மழை விட்டு வானம் வெளுத்த உடனே, மார்கழி நடுவிலேயே, கழுவிப் போன சத்தை ஈடு செய்ய லிட்டருக்கு ஒரு கிராம் தூள் கரைத்து இரண்டு முறை ஊற்றுகிறேன். உருண்டை கரைந்து பலன் தரக் காத்திருக்க அப்போது நேரமில்லை. தையிலிருந்து பங்குனி வரை உருண்டைகள் வேலை செய்கின்றன. மண் மாற்றிய மரத்துக்கு மட்டும், வெட்டிய வேர் ஆறிப் புதுத் தளிர் தலைகாட்டும் வரை, குறைந்தது ஒரு மாதம், எந்த உரமும் கிடையாது. சித்திரையிலும் வைகாசியிலும் உருண்டைகளை எடுத்துவிட்டு, மாதம் ஒரு முறை, அரை கிராம் கரைசல், அதுவும் மாலையில், முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்த பிறகு. ஆனி பிறந்து மாலை நேரத்து இடிமழை வரத் தொடங்கியதும் மரங்கள் எழுந்துகொள்கின்றன. அதிலிருந்து புரட்டாசி வரைதான் நமக்கு உண்மையான இளவேனில். உருண்டையும் கரைசலும் இரண்டும் அப்போதுதான் தாராளமாகத் தரலாம். ஐப்பசி பிறந்தால் உருண்டையைத் தொடக் கூடாது. நனைந்து ஊறிய பிண்ணாக்கில் மூன்றே நாளில் புழு நெளிவதைப் பார்த்துவிட்டேன்.

இந்த அட்டவணையும் எல்லா மரத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்தாது. அரசு மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டுச் செந்தளிர் விடும். அந்தச் செம்பு நிறம் மாறி இலை பச்சையாக முற்றும் வரை நான் உரம் தருவதில்லை, தந்தால் இலை உள்ளங்கை அகலத்துக்குப் பெருத்து, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, பல ஆண்டு உழைப்பு ஒரே மாதத்தில் பாழாகும். காகிதப்பூவுக்குத் தழைச்சத்தைக் கூட்டினால் கொடி ஓடும், பூ வராது. அடீனியத்துக்கு மழைக்காலம் முழுவதும் உரமும் வேண்டாம், முடிந்தால் மழையும் வேண்டாம். அடிமரம் பருக்க வேண்டிய இளங்கன்றுக்குத் தாராளமாகவும், உருவம் அமைந்துவிட்ட மூத்த மரத்துக்குக் கஞ்சத்தனமாகவும் கொடுக்க வேண்டும். தொகுப்போ எல்லாவற்றையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து ஒரே சாப்பாடு போடுகிறது.

‘பனி’ பை மண்புழு உரம், ஒரு கிலோ, 90 ரூபாய். நன்றாகச் சலித்து, கட்டியில்லாமல் இருந்தது. என் அடுப்பங்கரைத் தராசில் 940 கிராம் காட்டியது. சொன்னபோது, ஈரம் காய்ந்திருக்கும் என்று பெரியவர் மறுபேச்சில்லாமல் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார்.

இதே ஓராண்டில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மூன்று இச்சிகளுக்கு இந்தத் தொகுப்பைத் தவிர்த்து மீன் அமிலம் மட்டும் கொடுத்தேன். காசிமேட்டில் மீன் வெட்டுபவரிடம் குடலும் செதிலுமாக ஒரு கிலோ வாங்கி, ஒரு கிலோ வெல்லத்தைப் பொடித்துச் சேர்த்து, மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பாவில் 21 நாள் வைத்து வடித்தது. லிட்டருக்கு 5 மில்லி போதும். செலவு மிகக் குறைவு, இச்சியின் இலைப் பளபளப்பில் மீன் அமிலமே ஒரு படி மேல் என்று மனசாட்சியோடு ஒப்புக்கொள்கிறேன். சரியாகப் புளித்து முடிந்த பிறகு அதில் நாற்றம் இருக்காது, பழம் கனிந்த வாசம்தான் இருக்கும். ஆனால் அதற்கு முன், ஒன்பதாம் நாள், மூடி சற்றே தளர்ந்துவிட்டது. “அக்கா, மாடியில என்னா செத்துக் கெடக்குது?” என்று இரண்டாவது மாடியில் குடியிருக்கும் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்தாள், அவள் பின்னால் தெருப்பூனைகள் மூன்று வந்தன. சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் பிண்ணாக்கு உருண்டையே உறவைக் கெடுக்காத உரம்.

இந்த ஆண்டு மொத்தத் தொகுப்பாக வாங்கவில்லை, பைகளைத் தனித்தனியாகவும் தருகிறார். உருண்டைப் பை ஒன்று 150 ரூபாய் வீதம் இரண்டு, 19:19:19 தூள் ஒன்று, மண்புழு உரம் ஒன்று, ஆக 470 ரூபாய். ‘மழை’ பையை விட்டுவிட்டேன். ஜிபே வாங்குவதில்லை, சில்லறையோடு போக வேண்டும். செவ்வாய்க்கிழமை கடை திறப்பதில்லை. குறிப்புத் தாளின் பின்பக்கத்தை எழுதித் தரும்படி மறக்காமல் கேளுங்கள், கேட்காவிட்டால் முன்பக்கம் மட்டும்தான் கிடைக்கும். உருண்டைப் பையைத் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள். போன முறை மூலக்கடையிலிருந்து வரும்போது அது மடியில் இருந்தது. பக்கத்துச் சீட்டில் இருந்தவர் இரண்டு ஸ்டாப்பிங் முன்னதாகவே எழுந்து நின்றுகொண்டார்.